தமிழ் எழுத்துக்கு மட்டும் மெமரி ஏறுகிறது, ஆங்கிலத்துக்கு ஏறவில்லை: சி எக்ஸ்டென்ஷனில் எங்கே ஒழுகுகிறது?

ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். பைத்தானுக்கு சி-யில் எக்ஸ்டென்ஷன் (பைத்தானில் இருந்து கூப்பிடும் சி கோட்) எழுதிப் பழகியவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். கைபேசியில் தட்டுகிறேன், அதனால் கோட் ஒட்டவில்லை. வாயால் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பெங்களூரு அல்சூர். சிவாஜிநகர் பக்கம் ஒரு அச்சகத்துக்கு வேலை செய்து கொடுக்கிறேன். இருபது வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள், 40 ஆயிரம் கோப்புகள். எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்தவை. யாரோ ஒரு கருவியை வைத்து யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார்கள், அந்தக் கருவி பல இடங்களில் கொம்பை இடம் மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டது. பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்து அப்புறம் ச-வை அடிப்போம். யூனிகோடில் ச முதலில், கொம்பு அப்புறம். ‘செல்வி’ என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு தனியாக முன்னால் தொங்குகிறது. பத்திரிகையில் செல்வனும் செல்வியும் இல்லாமல் இருக்குமா? அதனால் ஒவ்வொரு கோப்பையும் எழுத்து எழுத்தாக வெட்டி, அநாதைக் கொம்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

முதலில் பைத்தானிலேயே எழுதினேன். நடந்தது, ஆனால் ஆமை. சி எனக்குப் பாலிடெக்னிக்கில் படித்தது, 2004-இல். பைத்தானின் சி பக்கம் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ‘வெட்டு’ என்று ஒரு ஃபங்ஷன். அது செய்வது இவ்வளவுதான்: உள்ளே வரும் ஸ்ட்ரிங்கை வாங்குகிறது. காலி வரியாக இருந்தால் பை_நன்-ஐ (‘ஒன்றுமில்லை’ என்பதற்கான பைத்தான் ஆப்ஜெக்ட்) அப்படியே ரிட்டர்ன் செய்கிறது. இல்லாவிட்டால் பையூனிகோட்_ஆஸ்யூடிஎஃப்8அண்ட்சைஸ் வைத்து பைட்களுக்குப் பாயின்டர் எடுக்கிறது. காலி லிஸ்ட் ஒன்றை உண்டாக்குகிறது. லூப்பில் எழுத்து எங்கே முடிகிறது என்று பார்த்து, பையூனிகோட்_ஃப்ரம்ஸ்ட்ரிங்அண்ட்சைஸ் மூலம் அந்த எழுத்துக்கு ஒரு ஸ்ட்ரிங் செய்து, பைலிஸ்ட்_அப்பென்ட் மூலம் லிஸ்ட்டில் சேர்க்கிறது. கடைசியில் லிஸ்ட்டைத் திருப்பித் தருகிறது.

500 கோப்புகளாகக் கட்டுக் கட்டாக ஓட்டுகிறேன். ஒரு கட்டில் ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து. ஒவ்வொரு கட்டு முடியும்போதும் மெமரி 60 எம்பி ஏறுகிறது, இறங்குவதே இல்லை. லிஸ்ட்டை டெல் செய்தும் பார்த்துவிட்டேன். எழுபதாவது கட்டு வாக்கில் லினக்ஸ் ப்ரோகிராமையே கொன்றுவிடுகிறது. 8 ஜிபி ரேம், அதில் பாதியை குரோம் தின்கிறது என்பது வேறு கதை.

இதில் என்னைக் குழப்புவது ஒன்று. எழுதிய அன்றே சோதித்தேன். ‘ஹலோ வேர்ல்ட்’ என்ற ஆங்கில வரியைக் கொடுத்து 10 லட்சம் தடவை ஓட்டினேன். மெமரி ஒரு எம்பிகூட ஏறவில்லை. தமிழ் கொடுத்தால் மட்டும் ஏறுகிறது. யூனிகோட் பக்கம் ஏதாவது பைத்தானின் பிழையா? உபுண்டு 24.04, பைத்தான் 3.12, 64 பிட்.

---

குட்டி_எறும்பு | ஞாயிறு, இரவு 11.05

அக்கா, ஒவ்வொரு கட்டுக்கும் அப்புறம் ஜிசி.கலெக்ட் (பைத்தானின் குப்பை பொறுக்கி) போட்டுப் பாருங்களேன். என் காலேஜ் ப்ராஜெக்ட்டில் அப்படித்தான் சரியானது.

---

ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 11.12

போட்டேன் தம்பி. 0 என்று பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது. எந்த வரி மெமரி எடுக்கிறது என்று காட்டும் ட்ரேஸ்மால்லாக் வைத்தும் பார்த்தேன். ‘வெட்டு’வைக் கூப்பிடும் பைத்தான் வரியைத்தான் காட்டுகிறது. அதற்குள்ளே எந்த இடம் என்று சொல்ல மாட்டேன் என்கிறது.

---

மாரத்தஹள்ளி_மணி | ஞாயிறு, இரவு 11.30

கேட்டதற்குப் பதில் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இந்தக் காலத்தில் யார் கையால் சி எக்ஸ்டென்ஷன் எழுதுகிறார்கள்? பைபைண்ட்11 எடுங்கள், இல்லை சைத்தான், இல்லை ரஸ்ட் தெரிந்தால் பைஓ3. ஒரு ஆப்ஜெக்ட்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கவுன்ட்டைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். மூன்று நாள் மிச்சம்.

---

மாடிவீடு | திங்கள், காலை 6.15

மணி சொல்வது தப்பில்லை. ஆனால் ஏரிக்கரை மேடம் எழுதியிருக்கும் ஃபங்ஷன் நூறு வரிகூட இருக்காது. அதற்காக சி++ கம்பைலரை இழுத்துக்கொண்டு வருவதா? தவிர, பைபைண்ட்11-லும் ஒரு நாள் கச்சாப் பாயின்டரைக் கையில் வாங்க வேண்டி வரும், அன்றைக்கு இதே கேள்வி திரும்பி வரும். இங்கேயே முடித்துவிடலாம்.

பைத்தானில் பிழை இல்லை. உங்கள் அப்பென்ட் வரிக்கு அடுத்த வரியில் இருக்கிறது பிழை. இருக்க வேண்டிய ஒரு வரி அங்கே இல்லை.

எங்கள் வீடு ஜீவன்பீமா நகர். மாடியில் நாலு அறையை வேலைக்குப் போகிற பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஓர் அறைக்கு எத்தனை சாவி வெளியே இருக்கிறது என்று நோட்டில் எழுதிவைப்பேன். எல்லாச் சாவியும் திரும்பி வந்தால் அறை காலி, வெள்ளையடித்து அடுத்த ஆளுக்குக் கொடுப்பேன். ஒரு சாவி வராவிட்டாலும் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்றுதான் கணக்கு. போன வருடம் ஒரு பையன் நண்பனை அறையில் சேர்த்துவிட்டான். நண்பனுக்குத் தனிச் சாவி செய்து கொடுத்தேன், நோட்டில் 2. அப்புறம் இவன் தன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டான். நண்பனும் காலி செய்து சாவியைக் கொடுத்தான், நோட்டில் 1. மூன்று வாரம் அந்த அறை பூட்டியே கிடந்தது. உள்ளே ஒரு ஈ, எறும்பு இல்லை.

உங்கள் எழுத்துகளுக்கு நடந்தது இதுதான். அறை என்பது ஆப்ஜெக்ட், சாவி என்பது ரெஃபரன்ஸ், நோட்டில் உள்ள எண் கவுன்ட். பையூனிகோட்_ஃப்ரம்ஸ்ட்ரிங்அண்ட்சைஸ் ஒரு புது ஸ்ட்ரிங்கைச் செய்து, முதல் சாவியை உங்கள் கையில் கொடுக்கிறது. கவுன்ட் 1. பைலிஸ்ட்_அப்பென்ட் உங்கள் சாவியை வாங்கிக்கொள்வதில்லை. தனக்கென்று இன்னொரு சாவி செய்துகொள்கிறது. கவுன்ட் 2. நீங்கள் உங்கள் சாவியைத் திருப்பித் தராமல் அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறீர்கள். லிஸ்ட் சாகும்போது தன் சாவியைக் கொடுத்துவிடும், கவுன்ட் 1. அந்த ஒன்று பூஜ்யமாகவே ஆகாது, ஏனென்றால் அந்தப் பாயின்டரை நீங்களே மறந்துவிட்டீர்கள். அப்பென்ட் முடிந்த கையோடு அந்த எழுத்துக்கு ஒரு பை_டெக்ரெஃப் (கவுன்ட்டில் ஒன்றைக் குறைப்பது) போடுங்கள். அப்பென்ட் தோற்றாலும் போட வேண்டும், அதை மறக்காதீர்கள்.

கவனியுங்கள், யாருக்கும் ஆப்ஜெக்ட் சொந்தமில்லை. சாவிதான் சொந்தம். ‘இந்த ஆப்ஜெக்ட் யாருடையது’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் குழப்பம் தீராது. ‘இந்த ரெஃபரன்ஸைத் திருப்பித் தர வேண்டியவர் யார்’ என்று கேளுங்கள்.

இப்போது ஆங்கிலத்தில் ஏன் ஏறவில்லை என்பதைப் பார்ப்போம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ‘a’, ‘b’ மாதிரியான ஒற்றை எழுத்து ஸ்ட்ரிங்குகளைப் பைத்தான் தொடக்கத்திலேயே செய்து வைத்திருக்கிறது, லத்தீன்-1 வரிசையின் 256-உம். நீங்கள் ‘h’ கேட்கும் ஒவ்வொரு தடவையும் அதே ஆப்ஜெக்ட்தான் கைக்கு வரும். நீங்கள் டெக்ரெஃப் போட மறந்தால், பழைய பைத்தானில் அதன் கவுன்ட் மட்டும் சும்மா ஏறிக்கொண்டே போகும். 3.12-இல் அவை சாகாவரம் பெற்றவை, கவுன்ட்டும் நகராது. புதிதாக மெமரி எடுப்பதே இல்லை என்றால் எது ஒழுகும்? தமிழ் எழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு ‘க’வும் புது ஆப்ஜெக்ட். ஆக உங்கள் ஆங்கிலச் சோதனை, இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாத சோதனை.

கணக்கும் சரியாக இருக்கிறது. 3.12-இல் ‘க’ மாதிரி ஒரு யூனிகோட் குறியீடு உள்ள எழுத்துக்கு 60 பைட், ‘கி’, ‘க்’ மாதிரி இரண்டு குறியீடு உள்ளதற்கு 62. சிஸ்.கெட்சைஸ்ஆஃப் போட்டுப் பார்க்கலாம். பைத்தானின் அலோகேட்டர் 16-இன் மடங்காகத்தான் தரும், அதனால் இரண்டுமே 64. 10 லட்சம் எழுத்து என்றால் 6 கோடியே 40 லட்சம் பைட், அதாவது 61 எம்பி. நீங்கள் சொன்ன 60 இதேதான்.

எறும்புத் தம்பிக்கு: ஜிசி என்பது வட்டத்தைப் பிடிக்க வந்தது. இவன் சாவி அவனிடம், அவன் சாவி இவனிடம் என்று இரண்டு ஆப்ஜெக்ட் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டால் கவுன்ட் பூஜ்யமாகாது. அதற்காகத்தான் 2000-இல் வந்த பைத்தான் 2.0-இல் அதைச் சேர்த்தார்கள். ஸ்ட்ரிங்குக்குள் இன்னொரு ஆப்ஜெக்ட் இருக்க முடியாது, அதனால் ஜிசி ஸ்ட்ரிங்கைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 0 என்று அது சொன்னது உண்மைதான்.

இன்னொரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கண்ணில் பட்டுவிட்டது. காலி வரிக்கு பை_நன்-ஐ ‘அப்படியே’ ரிட்டர்ன் செய்கிறேன் என்றீர்கள். கவுன்ட்டைக் கூட்டாமலா?

---

ஏரிக்கரை | திங்கள், இரவு 9.50

சார், ஒரே ஒரு வரி! போட்டேன், 80 கட்டும் ஓடி முடிந்தது. கட்டுக்கு 60 எம்பி ஏறியது நின்றே போய்விட்டது.

எங்கள் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையை 1991-இலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு 2009 வரை மூடியே வைத்திருந்தார்கள். பதினெட்டு வருடம். பார்க்கவும் முடியாது, இடத்தை விட்டும் போகாது. சின்ன வயதில் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. என் ‘க’க்கள் எல்லாம் அப்படித்தான் மூடிக் கிடந்திருக்கின்றன.

ஆமாம் சார், நன்-க்கு எதுவும் கூட்டவில்லை. இதுவரை ஒரு பிரச்சினையும் வரவில்லையே?

---

மாடிவீடு | திங்கள், இரவு 10.20

3.12 என்பதால் வரவில்லை. அந்தப் பதிப்பில் இருந்து நன், ட்ரூ, ஃபால்ஸ், சின்ன எண்கள் எல்லாவற்றையும் சாகாவரம் உள்ளவையாக ஆக்கிவிட்டார்கள். பிஇபி 683 என்ற பைத்தான் முன்மொழிவு. சிஸ்.கெட்ரெஃப்கவுன்ட் போட்டு நன்-ஐக் கேளுங்கள், 4294967295 என்று சொல்லும். கூட்டினாலும் குறைத்தாலும் அசையாது.

பழைய பதிப்பில் கதை வேறு. உங்கள் ஃபங்ஷன் கொடுக்கும் நன்-ஐ வாங்கிய பைத்தான், ‘எனக்கு ஒரு சாவி கொடுத்தார்கள்’ என்று நம்பி, வேலை முடிந்ததும் ஒன்றைக் குறைக்கும். நீங்கள் கொடுக்காத சாவி அது. சில ஆயிரம் காலி வரி தாண்டினால் நன்-இன் கவுன்ட் பூஜ்யத்தைத் தொட்டு, நன்-ஐயே அழிக்கப் பார்க்கிறார்கள் என்று கத்திவிட்டுப் பைத்தான் விழும். விழுகிற இடம் உங்கள் ஃபங்ஷனாகவும் இருக்காது, சம்பந்தமே இல்லாத வேறு ஏதோ வரியாக இருக்கும். பை_ரிட்டர்ன்_நன் மேக்ரோவைப் போட்டுவிடுங்கள். எந்தப் பதிப்பிலும் சரியாக இருக்கும்.

---

ஏரிக்கரை | திங்கள், இரவு 10.31

ஐயோ. அச்சகத்தில் இருக்கும் மெஷின் உபுண்டு 20.04. அதில் பைத்தான் 3.8. வெள்ளிக்கிழமை அங்கேதான் கம்பைல் செய்து ஓட்டிக் காட்டுவதாக இருந்தேன். பத்திரிகையில் பாதி வரி காலி வரிதான் சார்.

---

ஏரிக்கரை | புதன், இரவு 11.15

மறுபடியும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

ஓடிக்கொண்டிருந்ததை வேகமாக்கலாம் என்று கை வைத்தேன். அப்பென்ட் ஒவ்வொரு தடவையும் லிஸ்ட்டை வளர்க்கிறதே, முதலிலேயே எழுத்துகளை எண்ணிவிட்டு பைலிஸ்ட்_நியூ-வுக்கு அந்த எண்ணிக்கையைக் கொடுத்து, செட்_ஐட்டம் மேக்ரோ வைத்து நிரப்பலாம் என்று மாற்றினேன். மற்றதெல்லாம் அப்படியே. இப்போது ‘வணக்கம்’ கொடுத்தால் என்ன வருகிறது தெரியுமா?

‘ம்’, ‘ம்’, ‘ம்’, ‘ம்’, ‘ம்’.

ஐந்து ம். சரியாக ஐந்துதான், எண்ணிக்கை தப்பவில்லை. வேறு ஒரு வரி கொடுத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட். எல்லை கண்டுபிடிக்கும் லாஜிக்கில்தான் தப்பு என்று இரண்டு மணி நேரம் அதையே நோண்டினேன். அது சரியாகத்தான் இருக்கிறது, பிரின்ட் போட்டுப் பார்த்துவிட்டேன்.

---

குட்டி_எறும்பு | புதன், இரவு 11.20

அக்கா, போன தடவை சேர்த்த டெக்ரெஃப் வரி இன்னும் அங்கேயே இருக்கிறதா?

---

மாடிவீடு | வியாழன், காலை 6.05

தம்பி பிடித்துவிட்டான். அதேதான்.

அப்பென்ட் தனிச் சாவி செய்துகொள்ளும். செட்_ஐட்டம் அப்படியில்லை, உங்கள் கையில் இருக்கும் சாவியையே பிடுங்கிக்கொள்ளும். ‘திருடும்’ என்றே டாக்குமென்டேஷனில் எழுதியிருக்கிறார்கள். பிடுங்கிய பிறகு உங்களிடம் ஒன்றும் இல்லை. நீங்களோ இல்லாத சாவியைத் திருப்பித் தருகிறீர்கள். நோட்டில் 0 விழுகிறது, அறை காலி என்று அடுத்த ஆளை விட்டுவிடுகிறேன். லிஸ்ட்டோ அறை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஐந்து ‘ம்’ வந்ததற்கும் இதுதான் காரணம். ‘வ’ செய்தீர்கள், லிஸ்ட்டில் வைத்தீர்கள், டெக்ரெஃப் போட்டதும் செத்தது. கடைசியாகக் காலியான 64 பைட் இடத்தைத்தான் அலோகேட்டர் அடுத்த ஆளுக்கு முதலில் கொடுக்கும். அதனால் ‘ண’ அதே முகவரியில் பிறந்தது, செத்தது. ‘க்’ அங்கேயே. ‘க’ அங்கேயே. ‘ம்’ அங்கேயே. லிஸ்ட்டின் ஐந்து இடமும் ஒரே முகவரியைக் காட்டுகின்றன. அங்கே கடைசியாகக் குடியிருந்த ஆள் ‘ம்’. அதுவும் செத்துப்போன ஆப்ஜெக்ட்தான், இன்னும் யாரும் அதன் மேல் எழுதவில்லை என்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. வேறு யாராவது அந்த இடத்துக்குக் குடி வந்துவிட்டால் ஃபால்ட். டெக்ரெஃப் வரியை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

இந்த மாதிரிச் சந்தேகம் வந்தால் பைத்தான்மால்லாக் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் டீபக் என்று கொடுத்து ஓட்டுங்கள். 3.6-இல் இருந்து சாதாரண பில்டிலேயே உண்டு. விடுவித்த இடத்தை டிடி டிடி என்று நிரப்பிவிடும். செத்ததைத் தொட்டால் ‘ம்’ என்று இனிமையாகச் சிரிக்காது, அனேகமாக அங்கேயே விழும். தள்ளி விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

யார் திருடுவார், யார் திருட மாட்டார் என்று பொதுவிதி தேடாதீர்கள். லிஸ்ட்டிலும் டூப்பிளிலும் செட்ஐட்டம் திருடும். மேக்ரோ இல்லாத சாதாரண செட்ஐட்டம், இன்டெக்ஸ் தப்பாகித் தோற்றுப்போனால்கூட திருடியதைத் திருப்பித் தராது, அதுவே விடுவித்துவிடும். டிக்‌ஷனரியில் செட்ஐட்டம் திருடாது. பேர் ஒன்றுதான், குணம் வேறு. பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் என்று ஒன்று இருக்கிறது, அது இன்னும் வேடிக்கை: ஜெயித்தால் திருடும், தோற்றால் திருடாது. எத்தனை பேர் அதில் விழுந்தார்களோ, 3.10-இல் எப்போதுமே திருடாத ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பை_பில்ட்வேல்யூ-வில் ‘ஓ’ போட்டால் தனிச் சாவி, ‘என்’ போட்டால் உங்கள் சாவி.

எடுக்கிற பக்கமும் அப்படியே. பைலிஸ்ட்_கெட்ஐட்டம் உங்களுக்குச் சாவியே தராது, கதவை மட்டும் திறந்துவிடும். கடன். பைசீக்வென்ஸ்_கெட்ஐட்டம் அதே லிஸ்ட்டில் இருந்து அதே ஆப்ஜெக்ட்டை எடுத்தாலும் புதுச் சாவி தரும், திருப்பித் தர வேண்டும். கடன் வாங்கியதில் நானே ஒரு தடவை ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். பைத்தான் 2.6 காலம், வேறு கம்பெனி. லிஸ்ட்டில் இருந்து கெட்ஐட்டம் போட்டு ஒரு ஆப்ஜெக்ட்டை எடுத்தேன், நடுவில் வாடிக்கையாளரின் கால்பேக்கைக் கூப்பிட்டேன், அப்புறம் ஆப்ஜெக்ட்டைப் பயன்படுத்தினேன். பத்து நாளைக்கு ஒரு தடவை விழும். கடைசியில் பார்த்தால், அந்தக் கால்பேக் எப்போதாவது லிஸ்ட்டையே காலி செய்கிறது. கதவைத் திறந்துவிட்டவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான், நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். கடனாக வந்ததை வைத்துக்கொண்டு பைத்தான் கோட் எதையும் ஓடவிடக் கூடாது. ஓடவிட வேண்டுமென்றால் முதலில் ஒரு இன்க்ரெஃப் (கவுன்ட்டில் ஒன்றைக் கூட்டுவது). ஒரு டெக்ரெஃப்கூட பைத்தான் கோடை ஓடவிடலாம், அந்தக் கிளாஸில் டெல் மெத்தட் (ஆப்ஜெக்ட் சாகும்போது ஓடுவது) எழுதியிருந்தால்.

அன்றிலிருந்து சி-யில் எந்த பைஆப்ஜெக்ட் பாயின்டரை அறிவித்தாலும் பக்கத்திலேயே ‘என்னுது’ என்றோ ‘கடன்’ என்றோ கமென்ட் எழுதிவிடுவேன். ‘என்னுது’ எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே நல் (எதையும் காட்டாத காலிப் பாயின்டர்) ஆக்கி, ஃபங்ஷனின் கடைசியில் ஒரே இடத்தில் எக்ஸ்டெக்ரெஃப் (நல் என்றால் சும்மா விட்டுவிடும் டெக்ரெஃப்). நடுவில் எங்கே தோற்றாலும் கோட்டூ போட்டு அங்கே போய்விடுவேன். திருடுகிற ஃபங்ஷனுக்குக் கொடுத்த அடுத்த வரியிலேயே அந்த வேரியபிளை நல் ஆக்கிவிடுவேன். அசிங்கமாக இருக்கிறது என்று அலுவலகத்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

---

நள்ளிரவு_பில்ட் | வியாழன், காலை 9.40

மாடிவீடு சொன்ன கடன் விஷயத்தில் ஒரு சேர்க்கை. 3.13-இல் ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் கோட் ஓட்டவிடும் பூட்டு) இல்லாத பில்ட் வந்ததில் இருந்து, நடுவில் கால்பேக் எதுவும் இல்லாவிட்டாலும் இன்னொரு த்ரெட் லிஸ்ட்டைக் காலி செய்துவிடலாம். அதனால்தான் பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப், பைடிக்ட்_கெட்ஐட்டம்ரெஃப் என்று சாவியோடு தருபவை அந்தப் பதிப்பில் வந்தன. 3.8-இல் கம்பைல் செய்ய வேண்டியவருக்கு இப்போது உதவாது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை, நீங்கள் 40 ஆயிரம் கோப்புகளையும் மொத்தமாக மெமரியில் வைத்துக்கொண்டா ஓட்டுகிறீர்கள்? அப்படியென்றால் ஒழுகல் நின்ற பிறகும் மெமரி எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்குமே?

---

ஏரிக்கரை | வியாழன், மதியம் 1.30

ஆமாம்! சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன். எல்லாக் கோப்பையும் படித்து ஒரு லிஸ்ட்டில் வைத்தால் 250 எம்பி வாக்கில் இருக்கிறது. ‘வெட்டு’ ஒரு சுற்று போய் வந்ததும் 600-ஐத் தாண்டிவிடுகிறது. ஆனால் இரண்டாவது சுற்று ஓட்டினால் ஏறுவதில்லை, அதனால் ஒழுகல் இல்லை என்று விட்டுவிட்டேன்.

---

நள்ளிரவு_பில்ட் | வியாழன், மதியம் 2.10

ஒழுகல் இல்லை. இதுவும் தமிழுக்கு மட்டும் விழும் அடிதான்.

பைத்தான் உங்கள் தமிழ் ஸ்ட்ரிங்கை உள்ளே ஒரு குறியீட்டுக்கு 2 பைட் என்று வைத்திருக்கிறது. ஆஸ்யூடிஎஃப்8அண்ட்சைஸ் கேட்டால் யூடிஎஃப்-8-இல் இன்னொரு பிரதி எடுத்து, அதை அந்த ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட்டிலேயே ஒட்டிவைத்துவிட்டு, அதற்குத்தான் உங்களுக்குப் பாயின்டர் தருகிறது. தமிழுக்கு அது குறியீட்டுக்கு 3 பைட். 2 இருந்தது 5 ஆகிறது, 250 இருந்தது 600 தாண்டுகிறது. அந்தப் பாயின்டர் கடன், அதை நீங்கள் விடுவிக்கவும் கூடாது. ஸ்ட்ரிங் சாகும்போதுதான் பிரதியும் போகும், உங்கள் லிஸ்ட் ஸ்ட்ரிங்கைச் சாக விடவில்லை. ஆங்கிலம் மட்டும் உள்ள ஸ்ட்ரிங்காக இருந்தால் உள்ளே இருப்பதே யூடிஎஃப்-8, பிரதியே தேவையில்லை.

இரண்டு வழி. பையூனிகோட்_ஆஸ்யூடிஎஃப்8ஸ்ட்ரிங் கேட்டால் ஒரு பைட்ஸ் ஆப்ஜெக்ட் தரும், அது உங்களுடையது, வெட்டி முடித்ததும் டெக்ரெஃப் போட்டால் போய்விடும். அல்லது யூடிஎஃப்-8 பக்கமே போகாமல் பையூனிகோட்_ரீட்சார் வைத்துக் குறியீடு குறியீடாகப் படித்து, பையூனிகோட்_சப்ஸ்ட்ரிங் மூலம் வெட்டுங்கள். தமிழ் எழுத்து எல்லையைப் பார்க்க இரண்டாவதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது. புள்ளியா, கொம்பா என்று ஒரே எண்ணில் தெரிந்துவிடும், மூன்று பைட்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை.

---

மாரத்தஹள்ளி_மணி | வியாழன், மாலை 6.45

இது எனக்கே தெரியாது. பைபைண்ட்11-லும் ஸ்ட்ரிங்வியூவாக வாங்கினால் இதே பிரதிதான் ஒட்டும் போல. ஞாயிற்றுக்கிழமை பேசியதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

---

ஏரிக்கரை | வெள்ளி, இரவு 8.20

அச்சகத்தில் இருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். சப்ஸ்ட்ரிங் வழிக்கே மாற்றிவிட்டேன். சப்ஸ்ட்ரிங் தருவதும் புதுச் சாவிதானே, அதை செட்_ஐட்டம் திருடிக்கொள்கிறது, கணக்கு நேர். மாடிவீடு சார் சொன்ன மாதிரி எல்லாப் பாயின்டருக்கும் பக்கத்தில் ‘என்னுது’, ‘கடன்’ என்று எழுதினேன். எழுதும்போதே இன்னொரு தப்பு சிக்கியது: எழுத்து உண்டாக்குவது நடுவில் தோற்றால் லிஸ்ட்டை விடுவிக்காமல் நேரே நல் ரிட்டர்ன் செய்திருந்தேன். பாதி நிரம்பிய லிஸ்ட்டை டெக்ரெஃப் போடலாமா, காலி இடங்கள் நல் ஆயிற்றே என்று பயந்தேன், படித்துப் பார்த்தால் லிஸ்ட் அதைச் சமாளித்துக்கொள்கிறது.

சோதனைக்கு ‘ஹலோ வேர்ல்ட்’டைத் தூக்கிவிட்டு ‘திருவளர்ச்செல்வி’ போட்டேன். 10 லட்சம் தடவை, 3.12-இலும் அச்சகத்து 3.8-இலும். இரண்டிலும் மெமரி நின்ற இடத்தில் நிற்கிறது. நடுவில் வேண்டுமென்றே பழைய நன் வரியைப் போட்டு 3.8-இல் காலி வரியாகவே ஓட்டிப் பார்த்தேன். சொன்னபடியே நன்-ஐ அழிப்பதாகச் சொல்லிவிட்டு விழுந்தது. கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

எறும்பு, அல்சூர் பக்கம் வந்தால் சொல்லு தம்பி, ஒரு காபி என் கணக்கில்.

ஓட்டிக் காட்டியபோது முதல் கோப்பிலேயே அநாதைக் கொம்பு சிக்கியது. அச்சகக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, ‘அட, இது என் தங்கச்சி பத்திரிகை’ என்றார்.